குளுக்கோமாவுக்குச் சத்திரசிகிச்சை: பயனும் பாதுகாப்பும், தீவக நோயாளரின் நிலையிலிருந்து

கண் வைத்தியம் பற்றித் தமிழ் படிப்பிக்கிற ஒருவன் எழுதலாமா என்று வாசகர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். நான் வைத்தியன் அல்லன். ஆனால் தீவகத்துப் பாடசாலைகளில் பல வருடங்கள் படிப்பித்தவன் என்ற வகையில், ஆங்கிலத்தில் எழுதிய கிளினிக் துண்டுகளை வாசித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்துகொண்டே இருக்கிறது. நெடுந்தீவுப் பிள்ளை ஒன்றின் தாயார் ஒருமுறை கேட்டார்: "சேர், அப்புவுக்குக் கண் பிறசராம். ஒப்பறேசன் செய்யவேணுமெண்டு எழுதித் தந்திருக்கினம். செய்தாப் பார்வை திரும்பி வருமோ?" நயினாதீவில் எங்கள் உறவு மாமா ஒருவர் இதையே வேறுவிதமாகக் கேட்டார்: "வெட்டின பிறகு இருக்கிறதும் போச்செண்டா என்ன செய்றது, தம்பி?"

ஒருவர் கேட்டது பயனை. மற்றவர் கேட்டது பாதுகாப்பை. அவ்விரண்டுக்கும் உலகெங்கும் நடந்த ஆய்வுகள் என்ன விடை தருகின்றன என்பதைத் தேடிப் படித்துத் தமிழில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இப்படிச் செய்வது யாழ்ப்பாணத்துக்குப் புதிதல்ல. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் இருந்து தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். சத்திரசிகிச்சை நூலொன்றையும் 'இரணவைத்தியம்' என்ற பெயரில் தமிழாக்கினார். வைத்தியத்தைத் தமிழில் சொல்ல முடியாது என்று இந்த மண்ணில் யாரும் சொல்ல முடியாது.

வெண்புரை வேறு, குளுக்கோமா வேறு

எங்கள் ஊர்ப் பேச்சில் வயது போன கண்ணுக்கு வருகிற எல்லாம் 'புரை'தான். குழப்பம் இங்கிருந்தே தொடங்குகிறது. வெண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப்போவது. மங்கிய வில்லையை எடுத்துவிட்டு புதிய வில்லை வைத்தால் பார்வை திரும்பும். அடுத்த வீட்டு ஆச்சி வெண்புரை வெட்டி மறுநாளே பேப்பர் வாசித்த கதையைக் கேட்டவர்கள், குளுக்கோமா ஒப்பறேசனிலும் அதையே எதிர்பார்க்கிறார்கள்.

குளுக்கோமாவில் கெடுவது வில்லை அல்ல, பார்வை நரம்பு. கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரந்து, கண்ணுக்கு ஊட்டம் கொடுத்து, கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் மூலையிலுள்ள சல்லடை போன்ற இழையத்தின் வழியாக வெளியேறுகிறது. பாடப்புத்தகம் இதை நீர்மயவுடனீர் என்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. ஏறக்குறைய ஒன்றரை, இரண்டு மணித்தியாலத்துக்குள் பழைய நீர் முழுவதும் போய்ப் புதுநீர் வந்துவிடும். சமையலறைத் தொட்டியில் குழாய் எந்நேரமும் திறந்திருக்கிறது, கழிவு வாய் அரைவாசி அடைபட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறும். கண்ணில் நீர் ஏற இடமில்லை. அதனால் அழுத்தம் ஏறுகிறது. அந்த அழுத்தம் பின்னால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இழைகளாலான பார்வை நரம்பை நெரித்து, இழை இழையாகச் சாகடிக்கிறது.

சுகமான கண்ணின் அழுத்தம் பொதுவாக 10க்கும் 21 மில்லிமீற்றர் இரசத்துக்கும் இடையில் இருக்கும். ஆனால் 21க்குக் கீழே இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் உண்டு. ஆகவே 'பிறசர் நோர்மல்' என்பது மட்டும் போதாது. நரம்பையும் பார்வைப் பரப்பையும் சோதித்தே சொல்ல முடியும்.

செத்த நரம்பு இழையை உயிர்ப்பிக்க இன்றுவரை வழி கிடையாது. "இலங்கையில கண் தானம் இவ்வளவு நடக்குதே, கண்ணை மாத்தினாச் சரிதானே?" என்று கேட்பவர்களும் உண்டு. டொக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய இலங்கைக் கண் தானச் சங்கம் உலகப் பெயர் பெற்றது உண்மை. ஆனால் தானமாகப் பெற்றுப் பொருத்தப்படுவது முன்னால் இருக்கும் விழிவெண்படலம். முழுக் கண்ணை மாற்றிப் பார்வை கொடுப்பதில்லை. குளுக்கோமா கெடுப்பது பின்னால் இருக்கும் நரம்பை.

ஆகவே நெடுந்தீவுத் தாயாரின் கேள்விக்கு விடை: வராது. போன பார்வை திரும்பி வராது. குளுக்கோமாச் சத்திரசிகிச்சை மிஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பதற்கு மட்டுமே. இதை முதலில் விளங்கிக்கொள்ளாதவர், வெற்றியாக முடிந்த ஒப்பறேசனையும் தோல்வி என்றே நினைப்பார்; மருந்தையும் கிளினிக்கையும் விட்டுவிடுவார்.

இந்நோய் பெரும்பாலும் நோவில்லாமல், பக்கப் பார்வையை முதலில் தின்றுகொண்டு வரும். தமிழ்நாட்டின் தென் மாவட்டக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை 40 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா இருந்தது. அவர்களில் 93 வீதமானோருக்குத் தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது. எங்கள் கடலுக்கு அப்பால் இருக்கிற, எங்களைப் போன்ற மக்களின் கணக்கு இது.

கத்தி இந்நோய்க்கு வந்த வழி

மத்திய கால முஸ்லிம் உலகில் கண் வைத்தியம் தனித் துறையாக வளர்ந்திருந்தது. பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸாவின் 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் கண் வைத்தியரின் கைநூலாக இருந்தது. வெண்புரையை ஊசியால் தள்ளும் சிகிச்சையை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அதேவேளை, ஊசி வைத்தாலும் பார்வை திரும்பாத கண்கள் உண்டு என்றும், தொடுமுன் கண்மணி விரிந்து சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் எச்சரித்தார்கள். கெட்டது வில்லையா, அதற்குப் பின்னால் உள்ளதா என்று பிரித்தறியும் முயற்சி அது. அழுத்தத்தைக் குறைத்துப் பார்வையைக் காக்கலாம் என்ற எண்ணம் அன்று பிறக்கவில்லை.

அது 1857இல் வந்தது. பெர்லினில் அல்பிரெஹ்ட் வொன் கிறேபே கதிராளியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, திடீரென அழுத்தம் ஏறும் குளுக்கோமாவைத் தணிக்கலாம் என்று காட்டினார். மெதுவாக வளரும் வகைக்கு அது போதவில்லை. கண்ணின் சுவரில் ஒரு வாசல் திறந்து நீரை வெளியே விட வேண்டியிருந்தது.

அந்த வாசலைத் திறந்ததில் தமிழ் நிலத்துக்கும் பங்குண்டு. 1819இல் தொடங்கப்பட்ட சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பொறுப்பாக இருந்த ரொபேட் ஹென்றி எலியட், 1909இல் வட்டத் துளைக்கருவியால் கண்ணின் வெள்ளைச் சுவரில் துளையிடும் முறையைத் தொடங்கினார். 1913இல் அதை நூலாகவும் எழுதினார். சென்னைக்கு வந்த ஏழை நோயாளரின் கண்களில் பழகிய இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் சுவர் முழுவதையும் ஊடுருவிய துளை அது. நீர் அளவுக்கு மிஞ்சி வடிந்தது. துளையை மூடியிருந்த மெல்லிய சவ்வு வருடங்கள் கழிந்தபின் கசிந்து, கிருமி உள்ளே போன கண்களும் உண்டு.

1968இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜோன் கெய்ன்ஸ் இதற்கு விடை கொடுத்தார். சுவரை முழுதாகத் துளைக்காமல், பாதித் தடிப்பில் ஒரு மூடி போல வெட்டி உயர்த்தி, அதன் கீழே சிறு வாசல் திறந்து, மூடியை மீண்டும் தளர்வாகத் தைப்பது அவர் முறை. நீர் மூடியின் ஓரங்களால் மெல்லக் கசியும். இதுதான் டிரபெக்குலெக்டமி. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் குளுக்கோமாச் சத்திரசிகிச்சைகளை ஒப்பிடும் அளவுகோலாக இதுவே இருக்கிறது.

இன்றைய முறைகள்: எது எவ்வளவு?

கத்திக்கு முன்னால் லேசர். கழிவுச் சல்லடையில் லேசர் ஒளியைப் பாய்ச்சி நீர்ப் போக்கைக் கூட்டும் முறை சில நிமிட வேலை. வெட்டு, தையல் எதுவுமில்லை. இங்கிலாந்தில் 718 பேரிடம் நடந்து 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், முதற் சிகிச்சையாக லேசர் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேர் மூன்று வருடம் கழிந்தும் சொட்டுமருந்து இல்லாமல் அழுத்தக் கட்டுப்பாட்டில் இருந்தார்கள். ஆரம்ப நிலையில் உள்ளவருக்கு இது நல்ல வழி. ஆனால் நோய் முற்றியவருக்குப் பெரும்பாலும் போதாது. காலப்போக்கில் பயன் குறைந்து திரும்பச் செய்யவும் நேரும்.

மூலை ஒடுங்கி அடைபடும் வகை வேறு. திடீரென்று கண் நோ, தலையிடி, சத்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று வரும். சத்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்து இஞ்சித் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால், நாட்கணக்கில் கூட அல்ல, மணிக்கணக்கில் பார்வை போகலாம். இதற்குக் கதிராளியில் லேசரால் சிறு துவாரம் இடுவது வழக்கம். 2016இல் வெளிவந்த ஈகிள் ஆய்வு 50 வயதைத் தாண்டிய 419 பேரிடம் நடந்தது. இவ்வகை நோயில் கண்ணின் வில்லையையே எடுத்துச் செயற்கை வில்லை வைப்பது, லேசரை விட நல்ல பலன் தருகிறது என்றும், பின்னர் வேறு குளுக்கோமா ஒப்பறேசன் தேவைப்படுவது குறைகிறது என்றும் அது காட்டியது. எங்கள் வைத்தியர்களுக்குக் கைவந்த வெண்புரைச் சத்திரசிகிச்சையே இங்கு குளுக்கோமாவுக்கும் மருந்தாகிறது.

அடுத்தது டிரபெக்குலெக்டமி. கண்ணைச் சுற்றி ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துதான் பெரும்பாலும் செய்கிறார்கள். திறந்த வாசலை உடம்பு 'காயம்' என்று நினைத்து மூடப் பார்ப்பதே இதன் முதல் எதிரி. அதைத் தடுக்க மைற்றோமைசின் என்னும் மருந்தைச் சில நிமிடம் அங்கே வைத்துக் கழுவிவிடுகிறார்கள். தழும்பு குறைகிறது, வெற்றி கூடுகிறது. ஆனால் மேலே இருக்கும் சவ்வு மெலிந்து பிற்காலக் கசிவுக்கும் கிருமித் தொற்றுக்கும் இடம் கூடுகிறது. பயனும் ஆபத்தும் ஒரே மருந்தில் இருக்கின்றன.

முற்றிய நோயோடு வருகிறவருக்கு உடனே ஒப்பறேசனா, முதலில் சொட்டுமருந்தா? பிரித்தானியாவில் 27 மருத்துவமனைகளில் 453 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தேடியது. இரண்டு வருட முடிவில் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் சராசரி அழுத்தம் 12.4; சொட்டுமருந்துக்காரருடையது 15.1. அன்றாட வாழ்க்கைத் தரத்தில் இரு சாராரும் ஏறக்குறைய ஒன்று. பாதுகாப்பிலும் சத்திரசிகிச்சை பின்தங்கவில்லை. "வெட்டினா இருக்கிறதும் போகும்" என்ற மாமாவின் பயத்துக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. இருக்கிறது உடனே போவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. ஒன்றும் செய்யாமல் விட்டால் இருக்கிறது போவதே எதிர்பார்க்க வேண்டியது.

டிரபெக்குலெக்டமி தோற்ற கண்ணுக்கும், தழும்பு விழக்கூடிய கண்ணுக்கும் குழாய்ச் சாதனம் உண்டு. மெல்லிய சிலிக்கன் குழாயின் ஒரு முனை கண்ணின் முன்னறையில் இருக்கும். மறுமுனை இமைக்குள்ளே பின்னால் தைக்கப்பட்ட தட்டில் நீரைக் கொண்டுபோய் விடும். 1969இல் மொல்டினோ தொடங்கியது இது. 1993இல் மத்தீன் அஹ்மத் உருவாக்கிய சாதனத்தில் நீரை அளவோடு விடும் வால்வு உண்டு. அவர் பெயராலேயே 'அஹ்மத் வால்வு' என்று உலகம் அழைக்கிறது. வால்வு இல்லாத வகைகள் நீண்ட காலத்தில் அழுத்தத்தை இன்னும் கீழே கொண்டுபோகும். ஆனால் அழுத்தம் அளவுக்கு மிஞ்சி இறங்கும் ஆபத்து கூட. மதுரை அரவிந்த் நிறுவனத்தின் ஓரோலாப் 2013 முதல் வால்வில்லாத சாதனமொன்றைக் குறைந்த விலைக்குச் செய்து வருகிறது. மேற்கு நாட்டு விலை கொடுக்க முடியாத நோயாளருக்கு இது பெரிய உதவி.

குழாயா, டிரபெக்குலெக்டமியா என்று நேருக்கு நேர் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், முன்னர் கண்ணில் ஒப்பறேசன் நடந்த 212 கண்கள் இடம்பெற்றன. ஐந்து வருடத்தில் தோல்வி குழாயில் 29.8 வீதம், டிரபெக்குலெக்டமியில் 46.9 வீதம். முன்பு ஒப்பறேசனே நடக்காத கண்களில் நடந்த அடுத்த ஆய்வில் முதல் வருடத்தில் நிலைமை மாறியது: குழாயில் 17.3, டிரபெக்குலெக்டமியில் 7.9. ஐந்து வருடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே ஒரு முறை எல்லாக் கண்ணுக்கும் மேல் என்று சொல்ல முடியாது. முதற் தடவை கத்தி வைக்கும் கண்ணுக்கு டிரபெக்குலெக்டமி; பழைய ஒப்பறேசன் நடந்த கண்ணுக்குக் குழாய் என்ற பொது வழக்கத்துக்கு இவை ஆதாரம் தருகின்றன.

'தோல்வி' என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்த ஆய்வுகளில் தோல்வி என்றால் குருடு என்று அர்த்தமல்ல. அழுத்தம் 21க்கு மேலே போவது, போதிய அளவு குறையாமல் விடுவது, மிகக் கீழே இறங்குவது, இன்னொரு ஒப்பறேசன் தேவைப்படுவது ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். தோற்ற கண்ணுக்கும் அடுத்த படி உண்டு.

கடைசியாக, மிகச் சிறு சாதனங்களை உள்ளே வைக்கும் புதிய முறைகள். வெட்டு மிகச் சிறியது, ஆபத்து குறைவு, வெண்புரை ஒப்பறேசனோடு சேர்த்தே செய்யலாம். ஆனால் அழுத்தத்தைக் குறைக்கும் வலுவும் குறைவு. ஆரம்ப, நடுத்தர நோய்க்கே பொருந்தும். 'புதியது' என்பதே நல்லதற்குச் சாட்சியாகாது என்பதற்கு இதிலேயே உதாரணம் உண்டு. சைபாஸ் என்ற சாதனம் 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது வைத்த கண்களில் ஐந்து வருடத்தில் விழிவெண்படலத்தின் உள்ளணுக்கள் கூடுதலாக அழிவது தெரியவந்ததும், 2018 ஆகஸ்டில் அதன் நிறுவனமே சந்தையிலிருந்து திருப்பி எடுத்தது. இரண்டு வருட முடிவு நன்றாக இருந்த சாதனம் அது. ஒரு ஒப்பறேசன் பத்திரமா என்று சொல்ல வருடங்கள் வேண்டும்.

கடலையும் கணக்கில் எடுக்க வேண்டும்

மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாவற்றிலும் நோயாளி சொன்ன நாளில் கிளினிக்குக்கு வந்தார். எங்கள் பிரச்சினை அங்கேதான்.

டிரபெக்குலெக்டமியின் வெற்றியில் அரைவாசி மேசையில் நடக்கிறது. மிச்சம் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில். மறுநாள் பார்க்க வேண்டும். பிறகு முதல் மாதம் கிழமைக்கொரு தடவை என்பது வழமை. அதன்பின் இடைவெளி கூடும். இந்த வருகைகளில்தான் தழும்பு மூடப் பார்க்கிறதா, நீர் மிஞ்சி வடிகிறதா என்று பார்த்து, தையலைத் தளர்த்துவதோ ஊசி போடுவதோ நடக்கிறது. ஒரு வருகை தவறினால் வாசல் மூடிக்கொள்ளலாம். மூடிய பிறகு வந்து பயனில்லை.

ஊர்காவற்றுறையில் இருப்பவருக்கு யாழ்ப்பாணம் போகத் தரை வழி உண்டு. நயினாதீவுக்காரர் குறிகட்டுவானுக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். நெடுந்தீவுக்காரருக்குக் கடலிலேயே ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். அனலைதீவு, எழுவைதீவு மக்கள் ஊர்காவற்றுறைக்கு வந்து பிறகு பட்டினத்துக்கு. சோளகம் எழும்பின நாளிலோ மாரிக் கடல் குமுறின நாளிலோ படகு போகாது. கிளினிக் திகதி காற்றைப் பார்த்து மாறாது.

ஆகவே தீவக நோயாளி 'எந்த ஒப்பறேசன் நல்லது?' என்பதோடு 'பிறகு எத்தனை தரம் வரவேணும்?' என்றும் கேட்க வேண்டும். டிரபெக்குலெக்டமி என்று முடிவானால், முதல் ஒரு மாதமாவது பட்டினத்தில் உறவினர் வீட்டில் தங்கும் ஏற்பாட்டைத் திகதி எடுக்க முன்னரே செய்துவிடுவது புத்தி. மகள் வீடோ, சிநேகிதர் வீடோ, பள்ளிவாசல், கோயில், தேவாலயம் பார்த்துத் தரும் இடமோ எதுவானாலும் சரி. இலங்கை அரசாங்க வைத்தியசாலையில் ஒப்பறேசனுக்குக் காசு இல்லை. போக்குவரத்தும் தங்குமிடமும்தான் செலவு. எங்கள் சங்கங்கள் உதவக்கூடிய இடம் இதுவே. வெண்புரை முகாம் நடத்துகிற சங்கங்கள், குளுக்கோமா நோயாளி ஒருவரை ஒரு மாதம் பட்டினத்தில் வைத்துப் பார்ப்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

தொழிலும் கணக்கில் வர வேண்டும். டிரபெக்குலெக்டமிக்குப் பிறகு மேல் இமைக்குக் கீழே நீர் தேங்கும் ஒரு சிறு கொப்புளம் இருக்கும். அது இருக்கவேண்டியதுதான்; சத்திரசிகிச்சை வேலை செய்கிறது என்பதன் அடையாளம். ஆனால் அதன் தோல் மெல்லியது. சங்கும் கடலட்டையும் குளிக்கிற தொழிலாளி, தன் தொழில் இன்னதென்று வைத்தியரிடம் ஒப்பறேசனுக்கு முன்னரே சொல்ல வேண்டும். எந்த முறை என்று தீர்மானிப்பதில் அதற்கும் இடமுண்டு.

முதற் கிழமைகளில் பார்வை முன்பிருந்ததைவிட மங்கலாக இருப்பது வழமை. அழுத்தம் மிஞ்சி இறங்கி, முன்னறை ஒடுங்குவதும் நடக்கும். பெரும்பாலும் சரியாகும், சிலவேளை திரும்பத் தைக்க வேண்டிவரும். வெண்புரையும் சற்று வேகமாக வளரும். அதைப் பிறகு எடுக்கலாம். ஆனால் கண் சிவத்தல், நோ, பீளை, பார்வை திடீரென இறங்குதல் என்ற நான்கில் எது வந்தாலும், ஒப்பறேசன் நடந்து பத்து வருடம் ஆகியிருந்தாலும், அன்றே போக வேண்டும். கொப்புளத்துக்குள் போன கிருமி ஒரு இரவில் கண்ணைக் கெடுத்துவிடும். "நாளைக்குப் படகு வரட்டும்" என்று படுக்கக்கூடாது. தீவு வைத்தியசாலைக்குப் போய், 'இது குளுக்கோமா ஒப்பறேசன் செய்த கண்' என்று முதல் வசனத்திலேயே சொல்லுங்கள். அந்த ஒரு வசனம் அவசரத்தின் அளவை அங்கிருப்பவருக்கு விளக்கிவிடும்.

நோன்பும் வுழூவும் ஸுஜூதும்

எங்கள் சமூக நோயாளருக்கு மட்டும் உரிய சில கேள்விகள் உண்டு. ரமழானில் பகலில் சொட்டுமருந்தை நிறுத்திவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷாபிஈ மத்ஹபில் கண்ணுக்கு இடும் சுருமா நோன்பை முறிக்காது என்பது தெரிந்த சட்டம். 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமியும் கண் சொட்டுமருந்து நோன்பை முறிக்காது என்றே தீர்மானித்தது. ஒரு மாதம் மருந்து நின்றால் அழுத்தம் ஏறும். அந்த மாதத்தில் சாகும் நரம்பு ஷவ்வாலில் உயிர்க்காது. மனம் ஒப்பாதவர்கள், மருந்தை விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண்மூலையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ளலாம். தொண்டைக்கு இறங்குவது குறையும். மருந்து இரத்தத்தில் கலப்பதும் குறைவதால், யாருக்கும் இது நல்ல பழக்கம். நேரத்தை ஸஹருக்கும் இப்தாருக்கும் மாற்றலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

ஒப்பறேசன் முடிந்த கிழமைகளில் கண்ணுக்குள் தண்ணீர் படக்கூடாது. குனியவும் பாரம் தூக்கவும் கூடாது என்பார்கள். தலை தாழும்போது கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. வைத்தியர் தடுத்த காலத்தில் முகம் கழுவ முடியாதவருக்கும் ஸுஜூது செய்ய முடியாதவருக்கும் மார்க்கத்தில் சலுகை உண்டு. முறையை மௌலவியிடம் கேட்டு, ஒப்பறேசனுக்குப் போகுமுன்னரே தெரிந்துகொள்வது நல்லது. கட்டோடு வீட்டுக்கு வந்த பிறகு, தொழுகை தவறுமோ என்ற தவிப்பில் குனிந்துவிட்டு வருந்துவதை இது தடுக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

கிளினிக்கில் சனம் நிறைந்திருக்கும், டொக்டருக்கு நேரமில்லை. ஆகவே துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு எந்த வகைக் குளுக்கோமா, மூலை திறந்ததா ஒடுங்கியதா? இப்போது நரம்பு எவ்வளவு போய்விட்டது? எந்த அளவுக்கு அழுத்தத்தை இறக்கப் பார்க்கிறீர்கள்? லேசரோ வில்லை எடுப்பதோ எனக்குப் பொருந்துமா? ஒப்பறேசன் என்றால் எந்த முறை, பிறகு எத்தனை தரம் வரவேண்டும்? இரவில் ஏதும் நடந்தால் எங்கே போவது? நான் தீவில் இருக்கிறேன் என்பதையும், என்ன தொழில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நல்ல வைத்தியர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்கமாட்டார்.

நோயாளியின் கூடப்பிறந்தவருக்கும் பிள்ளைகளுக்கும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு. லேசரும் சொட்டுமருந்தும் போதுமாயிருக்கும் கட்டத்தில் பிடிபட்டால், அவர்களில் பலருக்குக் கத்தி தேவைப்படாமலே போகலாம். நயினாதீவு மாமாவுக்கு இப்போது 68 வயது. கூடப்பிறந்தவர்கள் நாலு பேர். அடுத்த கிளினிக் நாளுக்கு அவர்களும் அதே படகில் வருகிறார்கள்.